ஊரில் இருந்துகொண்டே ஆன்லைனில் பிசியோதெரபி படிப்பைத் தொடர்வது எப்படி? (புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு)

பிபிடி (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்து, பயிற்சிக் காலமும் முடிந்து, ஒரு கிளினிக்கில் சேர்ந்தாயிற்று. அதற்குப் பிறகு படிப்பு நின்றுபோகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். நல்ல பட்டறை என்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டும். கட்டணம், தங்கும் செலவு, இரண்டு நாள் சம்பளம் எல்லாம் போகும். திருவனந்தபுரம் பக்கம்தான், ஆனால் நமக்குத் தேவையான தலைப்பு அங்கே எப்போதாவதுதான் வரும்.

நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு சின்ன கிளினிக் நடத்துகிறேன். என் மேற்படிப்பு பெரும்பாலும் ஆன்லைனில்தான் நடக்கிறது. எனக்குப் பலன் தந்த வழியை அப்படியே எழுதுகிறேன். அக்கவுண்ட் தொடங்குவது, பணம் கட்டுவது இதையெல்லாம் விளக்கவில்லை.

படி 1: முதலில் நோயாளிகளைக் குறித்துவையுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, ஒரு மாதம் வருகிறவர்களை இப்படி எழுதுங்கள்: வயது, தொழில், வலி எங்கே, எதில் நீங்கள் திணறினீர்கள். பெயர் வேண்டாம். கடைசிப் பத்திதான் முக்கியம்.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் வேலை செய்தால் ரப்பர் பால்வெட்டுகிறவர்கள் நிறைய வருவார்கள். விடியுமுன்னே மரம் மரமாகக் குனிந்து நிமிர்கிற வேலை. குறுக்கு வலியும் கழுத்து வலியும் சகஜம். குளச்சல், முட்டம், தூத்தூர் பக்கம் என்றால் வலை இழுத்து இழுத்துத் தோள் போனவர்கள். முந்திரி ஆலையில் மணிக்கணக்காக உட்காரும் பெண்களுக்கு முட்டு வலி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவர்களுக்குப் பக்கவாதமும் படுக்கையில் கிடப்பவர்களும்தான் பெரும்பாலும்.

மாதக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்தால் எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். கப்பிங், டேப்பிங், ட்ரை நீட்லிங் என்று கருவி வைத்துச் செய்யும் சிகிச்சைகளுக்கான கோர்ஸ் விளம்பரம் போனில் தினமும் வரும். அவற்றில் சேரக் கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் நோட்டில் பாதிப்பேருக்கு முட்டு வலி என்றால், உடற்பயிற்சியை எந்த அளவில், எத்தனை முறை, எப்படி ஏற்றிக்கொண்டு போவது என்பதுதான் முதல் பாடம். கருவிச் சான்றிதழ்கள் அப்புறம்.

படி 2: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

மீன் விற்கும் ஒரு பாட்டி. பத்து வருடமாகச் சர்க்கரை. "மக்களே, கையப் பொக்க முடியல்ல" (கையைத் தூக்க முடியவில்லை) என்று வருகிறார். தோள் எல்லாப் பக்கமும் இறுகியிருக்கிறது, வெளிப்பக்கம் திருப்புவதுதான் மிக மோசம். இதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறோம். இப்படி ஒருவரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

இவரை வைத்துக் கேள்வி எழுதுவதென்றால் நான்கு துண்டு வேண்டும்: யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன். "சர்க்கரை நோயுள்ளவரின் ஃப்ரோசன் ஷோல்டருக்கு, நீட்டல் பயிற்சியோடு மூட்டு மொபிலைசேஷனும் (கையால் மூட்டை அசைத்துத் தரும் சிகிச்சை) சேர்த்தால், பயிற்சி மட்டும் செய்வதைவிட அசைவு கூடுமா?" அவ்வளவுதான். இந்த வரியை எழுதாமல் தேடப் போனால் யூடியூபில்தான் போய் நிற்பீர்கள்.

படி 3: பெட்ரோவில் தேடுவது

இந்தப் படியில்தான் பலரும் தேடலையே விட்டுவிடுகிறார்கள். என்னையும் நீண்ட நாள் தடுத்தது இதுதான். அதனால் மெதுவாகப் போகிறேன்.

பெட்ரோ என்பது பிசியோதெரபி ஆய்வுகளுக்கென்றே உள்ள இலவசத் தரவுத்தளம். சிட்னியில் இருந்து 1999 முதல் நடத்துகிறார்கள். சிகிச்சைகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் (பரிசோதனைகள்), அவற்றைத் தொகுத்த மறு ஆய்வுகள், சிகிச்சை வழிகாட்டிகள் எல்லாம் சேர்த்து 60,000க்கும் மேல் பதிவுகள். தளத்தில் தமிழ்ப் பக்கமும் உண்டு, ஆனால் தேடும் சொற்களை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.

பப்மெட் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம்) பழகியவர்கள் அங்கே செய்கிற மாதிரியே சொற்களுக்கு நடுவே "ஆண்ட்", "ஆர்" என்று அடித்துத் தேடுவார்கள். இங்கே அது எடுபடாது. அட்வான்ஸ்டு சர்ச் பக்கத்தில் கீழே இரண்டு தேர்வு இருக்கும்: எல்லாச் சொல்லும் பொருந்த வேண்டுமா, ஏதாவது ஒன்று பொருந்தினால் போதுமா. ஒரு தேடலுக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம், இரண்டையும் கலக்க முடியாது. ஆகவே ஒரே நோய்க்கு இரண்டு பெயர் இருந்தால் இரண்டு தடவை தேடுங்கள். நம் பாட்டிக்கு ஒரு முறை ஃப்ரோசன் ஷோல்டர், இன்னொரு முறை அட்ஹெசிவ் கேப்சுலைட்டிஸ். இரண்டுக்கும் வரும் முடிவுகள் ஒன்றாக இருக்காது.

இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேட மேற்கோள் குறிக்குள் போடுங்கள். டயபெட்டிஸ், டயபெட்டிக் இரண்டும் வர வேண்டுமென்றால் டி, ஐ, ஏ, பி, இ, டி என்ற ஆறு எழுத்தோடு நிறுத்தி ஒரு நட்சத்திரக் குறி. உடல் பகுதி, சிகிச்சை வகை, பிரச்சினை என்று கீழிறங்கும் பட்டியல்களும் உண்டு. எல்லாவற்றையும் நிரப்பினால் முடிவு பூஜ்யம்தான் வரும். சொல் ஒன்று, பட்டியலில் ஒன்று, இவ்வளவே போதும். பூஜ்யம் வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

முடிவுப் பட்டியலில் வழிகாட்டிகள் முதலில் நிற்கும், பிறகு மறு ஆய்வுகள், கடைசியில் பரிசோதனைகள். பரிசோதனைகளுக்குப் பக்கத்தில் 10க்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் இருக்கும். அந்த அளவுகோலில் மொத்தம் 11 அம்சம், முதலாவதைக் கூட்டலில் சேர்ப்பதில்லை.

இந்த மதிப்பெண்ணை இரண்டு விதமாகத் தவறாகப் படிக்கிறார்கள். 10க்கு 10 இல்லையே என்று நல்ல ஆய்வை ஒதுக்குகிறார்கள். உடற்பயிற்சி ஆய்வில் பயிற்சி தருபவருக்கும் செய்பவருக்கும் எது எந்தக் குழு என்று மறைக்கவே முடியாது. அந்த இரண்டு மதிப்பெண் தானாகப் போய்விடும். ஆகவே 8 என்பது மிக நல்ல மதிப்பெண். அடுத்தது, 8 வாங்கிய சிகிச்சை நல்ல சிகிச்சை என்று நினைப்பது. மதிப்பெண் ஆய்வு நடந்த முறைக்கு மட்டும்தான். "இந்தச் சிகிச்சையால் பயனில்லை" என்று முடிகிற ஆய்வும் 8 வாங்கலாம். முடிவை நீங்கள்தான் படிக்க வேண்டும்.

படி 4: முதலில் வழிகாட்டியைப் படியுங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தனித்தனி ஆய்வில் மூழ்க வேண்டாம். ஜேஓஎஸ்பிடி என்ற பிசியோதெரபி ஆய்விதழ் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரோசன் ஷோல்டருக்கானது 2013ல் வந்தது. ஸ்டீராய்டு ஊசியோடு அசைவு, நீட்டல் பயிற்சிகளும் சேர்ந்தால் குறுகிய காலத்துக்கு வலி குறைந்து செயல்பாடு கூடும் என்பதற்கு அதில் வலுவான ஆதாரம் என்று குறித்திருக்கிறார்கள். மூட்டு மொபிலைசேஷனுக்கும் மின்சிகிச்சைகளுக்கும் பலவீனமான ஆதாரம். நீட்டலின் கடுமையை, அன்று வலி எவ்வளவு எளிதில் கிளம்புகிறது என்பதற்குப் பொருத்த வேண்டும் என்கிறது. சர்க்கரை நோயும் தைராய்டும் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதும் அதிலேயே இருக்கிறது.

இதைப் படித்த பிறகு அந்தப் பாட்டிக்கு என்ன மாறும்? வலி அதிகமுள்ள கட்டத்தில் கையை முரட்டுத்தனமாக இழுக்க மாட்டீர்கள். ஊசி உதவுமா என்று டாக்டரிடம் அனுப்புவீர்கள். அந்த ஊசியால் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் அதையும் சீட்டில் குறிப்பிடுவீர்கள்.

இன்னொன்று கட்டாயம் படிக்க வேண்டியது, நாள்பட்ட குறுக்கு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி. நோயாளிக்குப் புரிய வைப்பதையும் உடற்பயிற்சியையும் அது முன்வைக்கிறது. குறிப்பிட்ட காரணம் பிடிபடாத நாள்பட்ட வலிக்கு ட்ராக்ஷன் (முதுகை இழுத்துவிடுவது), டென்ஸ் (தோல் வழியாகத் தரும் மின்தூண்டல்), அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. நம் கிளினிக்குகளில் நாள் முழுக்க ஓடுவது இவைதான். முதலாளியிடம் போய் நாளைக்கே மெஷினை நிறுத்தச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். மெஷினில் படுத்திருக்கும் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க முடியும். பால்வெட்டுகிறவருக்குக் குனிவதைப் பற்றிய பயத்தைப் போக்க முடியும். அங்கிருந்து தொடங்குங்கள்.

படி 5: இப்போது கோர்ஸ்

கேள்வி கையில் இருந்தால் கோர்ஸ் தேர்வது எளிது. என் விருப்பங்கள்:

ஃபிசியோபீடியா: 2008ல் தொடங்கியது. கட்டுரைகள் இலவசம், அதோடு இணைந்த பிளஸ் கோர்ஸ்களுக்குச் சந்தா. ஒரு தலைப்பைத் தெரிந்துகொள்ளத் தொடங்க நல்ல இடம். அங்கேயே நின்றுவிடாமல் கட்டுரைக்கு அடியில் இருக்கும் ஆய்வுகளுக்குப் போங்கள்.

ஸ்வயம்: 2017ல் மத்திய அரசு தொடங்கியது, படிப்பது இலவசம். அதில் ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் கோர்ஸ்களுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய், தேர்வு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 சதவீதம். ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பயோமெக்கானிக்ஸ், புள்ளியியல் போன்ற அடித்தளப் பாடங்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கோர்செரா: பல பல்கலைக்கழகங்களின் கோர்ஸ்கள் உள்ள தளம். நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், பதில் வர இரண்டு வாரம் போல ஆகும். ஒவ்வொரு கோர்ஸுக்கும் தனி விண்ணப்பம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ, மெட்டா அனாலிசிஸ் (பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் முறைகள்) அறிமுகம் அங்கே இருக்கிறது. ஆய்வு படிக்கப் பழகியபின் எடுங்கள்.

போனில் படிக்க முடியும். ஆனால் ஆய்வுக் கட்டுரையின் அட்டவணையைப் போனில் படிப்பது கண்ணுக்குக் கொடுமை. பழைய லேப்டாப் ஒன்று வாங்கினால் அந்தப் பணம் வீணாகாது. கட்டுரைகளைச் சேர்த்துவைக்க சொட்டேரோ (Zotero) என்ற இலவச மென்பொருள் போதும். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னலை நம்ப முடியாது, மழைக்காலத்தில் கரண்டும் போகும். ஆகவே வீடியோக்களை முன்னதாகவே ஆப்பில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: பதிவேடு

ஒவ்வொரு கோர்ஸுக்கும் தேதி, நடத்தியவர், எத்தனை மணி நேரம், சான்றிதழின் நகல், கடைசியாக "இதனால் என் சிகிச்சையில் என்ன மாற்றினேன்" என்று இரண்டு வரி. வெளிநாடு போகிற எண்ணம் இருந்தால் இது அவசியம். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்றவர்கள் வருடத்துக்கு 20 மணி நேரம் காட்ட வேண்டும். பிரிட்டனில் மணிக் கணக்கு கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்துப் பதிவேட்டைக் கேட்பார்கள். வளைகுடாவுக்குப் போகிறவர்கள் பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டு உரிம அமைப்பின் பக்கத்தில் எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: இந்தப் பதிவைப் படித்த ஒரு தங்கை கேட்டிருந்தார்: சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகவில்லை, என்ன செய்வது? இது நம் இனிஷியலால் வரும் சிக்கல். தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். நாம் ஒரு தளத்தில் இனிஷியலை முன்னால் போடுவோம், இன்னொன்றில் அப்பா பெயரை முழுதாக எழுதுவோம். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, விரிவாக்கிய வடிவத்தில், எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் பட்டச் சான்றிதழில் உள்ளபடி. சான்றிதழ் வந்தபின் மாற்ற உதவி மையத்துக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும், ஆகவே முதல் கோர்ஸ் தொடங்குமுன் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை 2: பிரிட்டன் வெபினார்களின் நேரம் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். அவர்களின் மாலை 7 மணி நமக்குக் கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30. குளிர்காலத்தில் தேதியும் மாறிவிடும், அதைக் கவனியுங்கள். காலையில் நோயாளி காத்திருப்பார் என்றால் விழித்திருக்க வேண்டாம். பெயரை மட்டும் பதிவு செய்துவையுங்கள். பெரும்பாலானவர்கள் பெயர் பதிவு செய்தவர்களுக்கு வீடியோவை மெயிலில் அனுப்புகிறார்கள். நேரலையில் இருந்தால்தான் சான்றிதழ் என்று சிலர் விதி வைத்திருப்பார்கள், அதை மட்டும் முதலிலேயே படித்துவிடுங்கள்.