எல்லோரும் தலையாட்டிவிட்டால் முடிவு எடுத்தாயிற்றா?

மௌனம் சம்மதம் என்பார்கள். தலைமைக் குழுக் கூட்டத்தில் மட்டும் அதை நம்பிவிடாதீர்கள். நஷ்டத்தில் ஓடும் பிரிவை மூடுவதா, ஆட்குறைப்பு செய்வதா என்ற கேள்வி எழும்போது வரும் அமைதிக்குப் பெரும்பாலும் பயம் காரணமாக இருக்கும். இல்லையென்றால், "இது என் துறை இல்லையே" என்கிற ஒதுங்கல்.

அந்த அமைதியை உண்டாக்குவது பல நேரம் தலைவரேதான். "எனக்கு என்ன தோணுதுன்னா..." என்று அவர் தொடங்கிவிட்டால், பிறகு மற்றவர்கள் பேசுவதெல்லாம் ஒத்து ஊதுவதுதான். 1961 ஏப்ரலில், காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க, நாட்டைவிட்டு வெளியேறியிருந்த கியூபர்கள் சுமார் 1,400 பேர் அமெரிக்க ஆதரவுடன் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் தோற்றார்கள். அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்குத் தொடக்கத்திலிருந்தே அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை. தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர், கூட்டங்களில் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அதற்காகப் பின்னாளில் தன்னையே நொந்துகொண்டார்.

1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து நெருக்கடி வந்தபோது, மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பலர் பழையவர்களே. மாறியது பேசும் முறை. சில கூட்டங்களுக்குக் கென்னடி வேண்டுமென்றே வரவில்லை. முதலில் வான்தாக்குதல் பக்கம் சாய்ந்த குழு, வாதாடி வாதாடிக் கடல்வழித் தடுப்பில் வந்து நின்றது. நிறுவனத் தலைவர் எழுந்து வெளியே போகவேண்டும் என்றில்லை. கடைசியாகப் பேசினால் போதும். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் தம் நிலைப்பாட்டை நான்கு வரியில் எழுதி அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்த தவறு, விஷயம் தெரிந்தவரை ஓரங்கட்டுவது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனப் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். கடைசியில் மேலாளர்கள் தங்களுக்குள் மட்டும் கருத்துக் கேட்டு அனுமதி கொடுத்தார்கள். மறுநாள் ஏவிய 73 விநாடியில் கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். வாக்கு யாரிடம் கேட்கிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

"எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவோம்" என்பது கேட்க அழகாக இருக்கும். நடப்பதோ ஒத்திவைப்பு, அல்லது யாருக்கும் உதவாத அரைகுறைச் சமரசம். இறுதி முடிவு யாருடையது என்பதை விவாதத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். (திரும்பப் பெறக்கூடிய சின்ன முடிவுகளுக்கு இத்தனையும் வேண்டாம், ஒருவரிடம் விட்டுவிடலாம்.)

கூட்டம் முடிந்ததும் "நான் அப்பவே வேண்டாம்னேன்" என்று தன் ஆட்களிடம் சொல்பவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரைக் கண்டிப்பதைவிட, அவருடைய எதிர்ப்பை அவர் பெயரோடு கூட்டக் குறிப்பில் பதிவுசெய்வது பலன் தரும். எந்த நிலவரம் வந்தால் இந்த முடிவை மறுபடி எடுத்துப் பேசுவோம் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிட்டால், அவர் நடைபாதையில் பேசக் காத்திருக்க மாட்டார்.