இருட்டிய பின் அயனமண்டலத்தில் அலை இருக்கிறதா? ஜிபிஎஸ் தரவில் தேடும் முறை

காந்தப் பூமத்திய ரேகையை (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) ஒட்டிய பகுதிகளில் இருட்டிய பிறகு ஜிபிஎஸ் சிக்னல் தடுமாறினால், பெரும்பாலும் காரணம் பிளாஸ்மா குமிழி: மின்னூட்டத் துகள்கள் (பிளாஸ்மா) நிறைந்த மேல் வளிமண்டலமான அயனமண்டலத்தில், அவை மெலிந்துபோன ஒரு பகுதி. அதற்கு விதை போட்டது கீழிருந்து கிளம்பிய வளிமண்டல அலையா என்று உங்கள் கணினியிலேயே தேடிப் பார்க்கலாம். பைத்தான் நிறுவுவது, கோப்பை விரிப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பின்னணி சுருக்கமாக. சூரியன் மறைந்ததும் அயனமண்டலத்தில் 110 கி.மீ. வாக்கில் உள்ள இ அடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும். மேலே உள்ள எஃப் அடுக்கோ, கிழக்கு நோக்கிய மின்புலம் சிறிது நேரம் வலுப்பதால் இன்னும் உயரப் போகும். அடர்ந்த பிளாஸ்மா மேலே, மெலிந்தது கீழே: எண்ணெயின் மேல் தண்ணீரை நிறுத்திவைத்த நிலைமை. ஒரு சின்ன உலுக்கல் கிடைத்தால் மெலிந்த பகுதி குமிழியாக மேலேறும். இடிமேகங்களிலிருந்து எழும் வளிமண்டல ஈர்ப்பு அலைகள் (காற்று மேலும் கீழும் ஊசலாடும் அலைகள்; கருந்துளைகள் மோதும்போது எழுபவை அல்ல) அந்த உலுக்கலைத் தரலாம். ஆனால் அடுக்கு போதிய உயரம் போகாத இரவில் அலை வந்தும் பெரிதாக எதுவும் நடக்காது. எனவே அலை தெரிந்தவுடன் காரணம் கிடைத்துவிட்டது என்று குதிக்க வேண்டாம்.

1. தரவு. ஐஜிஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பின் ஜிபிஎஸ் நிலையங்கள் 30 நொடிக்கு ஒருமுறை பதியும் ரைனெக்ஸ் (ஜிபிஎஸ் தரவுக்கான பொது வடிவம்) கோப்புகள் இலவசம். காந்தப் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நிலையமாகப் பாருங்கள். இந்தியத் தீர்க்கரேகைகளில் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர்; பிரேசிலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை குமிழிகள் அதிகம். முதல் முயற்சிக்குக் காந்தப் புயல் இல்லாத நாள் நல்லது. படிக்க ஜியோரைனெக்ஸ் என்ற பைத்தான் நூலகம் போதும். மெதுவானதுதான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. எக்செல் பக்கம் போகவே போகாதீர்கள்.

2. நேரம். யுடிசியோடு (உலகப் பொது நேரம்) தீர்க்கரேகையை 15ஆல் வகுத்துக் கூட்டினால் உள்ளூர் நேரம். தரையில் சூரியன் மறைந்தாலும் மேலே வெயில் இருக்கும். பூமியின் வளைவை வைத்துக் கணக்கிட்டால், பூமத்திய ரேகையில் 110 கி.மீ. உயரத்தில் அஸ்தமனம் சுமார் 42 நிமிடம் பிந்தும், 350 கி.மீ.யில் சுமார் 75 நிமிடம். வரைபடத்தில் மூன்றுக்கும் கோடு போட்டுவிடுங்கள்.

3. எலக்ட்ரான் அளவு. ஜிபிஎஸ்ஸின் இரண்டு அலைவரிசைகளான எல்1, எல்2இன் கட்ட அளவுகளை 19.03, 24.42 செ.மீ. அலைநீளங்களால் பெருக்கி மீட்டருக்கு மாற்றுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து 9.52ஆல் பெருக்கினால் டெக் (பார்வைக் கோட்டில் உள்ள மொத்த எலக்ட்ரான் அளவு) அலகில் விடை வரும். ஏற்ற இறக்கம் மட்டும் போதும் என்பதால் கருவிப் பிழையைத் திருத்த வேண்டாம். அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்துக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை விட்டுவிடுங்கள். திடீர்த் தாவல் இருந்தால் அங்கே வளைவை வெட்டுங்கள்.

4. குமிழி எங்கே? நிமிடத்துக்கு நிமிடம் டெக் மாறும் வேகம், அதற்கு 5 நிமிடச் சாளரத்தில் திட்ட விலக்கம். இதுதான் ஆர்ஓடிஐ என்ற குறியீட்டெண். 0.5ஐத் தாண்டினால் கலக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதை வடிகட்டுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில்.

5. வடிகட்டல். இங்கேதான் பொறி. தேடும் அலையின் காலம் 15 முதல் 60 நிமிடம், வீச்சு பெரும்பாலும் ஒரு டெக் அலகுக்குள். குமிழிப் பள்ளமோ 10 அலகுக்கு மேலும் போகும். முழு இரவையும் பட்டர்வொர்த் வடிகட்டியில் (குறிப்பிட்ட கால அளவுள்ள அலைகளை மட்டும் விடும் கணக்கு) முன்னும் பின்னுமாக ஓட்டினால், அந்தப் பள்ளத்தின் அதிர்வு இரு பக்கமும் பரவும். அதாவது குமிழி பிறப்பதற்கு அரை மணி முன்பே அழகான அலை ஒன்று தெரியும். நீங்கள் தேடிய விதை அச்சு அசலாக இதே வடிவத்தில்தான் இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

சந்தேகமா? ஒரு வழுவழுப்பான வளைவை நீங்களே உருவாக்கி, நடுவில் ஒரு பள்ளம் மட்டும் வெட்டி, அதே நிரலில் ஓட்டுங்கள். அலையே இல்லாத தரவில் அலை வரும்.

அதனால் ஆர்ஓடிஐ 0.5ஐத் தொடும் இடத்தில் வளைவை வெட்டி, அதற்கு முந்தைய பகுதிக்கு மட்டும் குறைந்த படி பல்லுறுப்புக் கோவை பொருத்திக் கழியுங்கள். கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடங்களை நம்பாதீர்கள். இழப்புதான், வேறு வழியில்லை.

6. சரிபார்ப்பு. குறைந்தது மூன்று நிலையங்கள் வேண்டும். அலை ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று பார்த்தால் வேகமும் திசையும் கிடைக்கும். நிலையங்களுக்கு இடையிலான தூரம் அலைநீளத்தில் பாதிக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் எந்த முகடு எது என்று குழம்பிவிடும். அப்புறம், குமிழிகள் பொதுவாகக் கிழக்கே நகர்பவை. உங்கள் தலைக்கு மேல் தெரிவது மேற்கே எப்போதோ பிறந்ததாக இருக்கலாம். விதையை அங்கேதான் தேட வேண்டும்.

பின்சேர்க்கை: ஒரே அலைக்கு இரண்டு செயற்கைக்கோள்களில் வெவ்வேறு காலம் வருகிறதே என்று பலர் கேட்டிருந்தார்கள். செயற்கைக்கோள் நகர, அதன் பார்வைக் கோடு அயனமண்டலத்தைத் துளைக்கும் புள்ளியும் நகர்கிறது. அது அலையோடு சேர்ந்து ஓடினால் காலம் நீளும், எதிர்த்து ஓடினால் குறுகும். சீனாவின் ஜிபிஎஸ் போன்ற அமைப்பான பெய்டூவின் புவிநிலைச் செயற்கைக்கோள்களை (வானில் ஒரே இடத்தில் நிற்பவை) பிடிக்கும் நிலையமாக இருந்தால் அவற்றையே எடுங்கள், புள்ளி ஏறக்குறைய அசையாது. அலைவரிசைகள் வேறு என்பதால் 9.52 அங்கே செல்லாது. புதிதாகக் கணக்கிட வேண்டும்.