சாலே அலமாரியிலிருந்து விடுமுறைக்கு ஒரு நூலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ், சாங்கிக் கடலோரங்களில் வாடகைக்குக் கிடைக்கும், நாம் பேச்சுவழக்கில் சாலே என்று அழைக்கும் விடுமுறை இல்லங்கள் சிலவற்றில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகே நூல்கள் அடுக்கிய ஓர் அலமாரி இருக்கும். அந்த நூல்களை யாரும் ஆராய்ந்து வாங்கி வைத்ததில்லை. படித்து முடித்த நிறைவிலோ, முடிக்க முடியாத அலுப்பிலோ, பெட்டியில் இடம் போதாமலோ முன்பு தங்கியவர்கள் விட்டுச் சென்றவையே பெரும்பாலும் அங்கே இருக்கும். ஆகவே, நல்ல நூல் எது என்று அந்த அலமாரியின் முன் நின்று யோசிப்பதைவிட, இந்த மூன்று நாள்களில் இந்த வீட்டுச் சந்தடிக்கு நடுவே நம்மால் படித்து முடிக்கக்கூடிய நூல் எது என்று யோசிப்பதே பயன் தரும்.

முதலில் நேரத்தைக் கணக்கிட வேண்டும். இரண்டு இரவுகள் தங்குகிறோம் என்றால் படிப்பதற்கு நாள் முழுவதும் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கோழித் துண்டுகளுக்கு மசாலா தடவுவது, அடுப்புக்கரி பற்றவைப்பது, பிள்ளைகளை மிதிவண்டி ஓட்ட அழைத்துச் செல்வது, பெரியப்பா வந்ததும் எழுந்து வரவேற்பது என்று பொழுது போய்விடும். மற்றவர்கள் எழுவதற்கு முந்திய காலை நேரமும், மதிய உணவுக்குப் பின் வீடே உறங்கும் நேரமும்தான் உண்மையில் நமக்குரியவை. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் தேறினாலே பெரிது. ஆண்டிறுதி விடுமுறையில் செல்பவர்கள் இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது கடற்கரைத் திட்டங்கள் கைவிடப்பட்டு எல்லாரும் வீட்டுக்குள் அடைபட நேரும். ஜூன் மாதத்து அதிகாலைச் சுமத்ரா காற்றும் மழையைக் கொண்டுவரும் என்றாலும், அது பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். புலாவ் உபின் தீவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஒரு சிறு நூலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சாங்கி முனையில் 12 பேர் சேரும்வரை படகு காத்திருக்கும், வார நாளில் அந்தக் காத்திருப்பில் ஒரு சிறுகதையை முடித்துவிடலாம்.

அடுத்து, நம் வேகம் என்ன என்று தெரிய வேண்டும். நூலின் நடுவில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு பக்கங்கள் படியுங்கள். நான் மணிக்கு ஏறத்தாழ 30 பக்கங்கள் படிப்பேன். ஐந்து மணி நேரத்தில் 150 பக்கங்கள். எனவே 600 பக்க வரலாற்று நாவல் எத்தனை கவர்ச்சியாக இருந்தாலும் அதை அலமாரியிலேயே விட்டுவிடுவேன். நடுப்பக்கத்தைப் படிக்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு: முதல் பக்கத்தை எந்த எழுத்தாளரும் பலமுறை செதுக்கியிருப்பார், அவருடைய இயல்பான நடை எப்படிப்பட்டது என்பதை எழுபதாம் பக்கம்தான் காட்டும்.

நூலைக் கையில் எடுத்துச் சோதிப்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதுகுப்புறத்து மடிப்புகளைப் பாருங்கள். முதல் கால் பங்கில் மட்டும் மடிப்பு விழுந்து மீதி விறைப்பாக இருந்தால், ஒருவர் அதுவரை படித்துவிட்டு மூடிவைத்திருக்கிறார் என்று ஊகிக்கலாம். அங்கங்கே பக்க முனைகள் மடிக்கப்பட்டு, உணவங்காடி ரசீது ஒன்று கடைசி அத்தியாயத்தில் செருகப்பட்டிருந்தால், அது முடிவுவரை இழுத்துச் சென்ற நூல். ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கமான நம் ஊரில், கடலோரத்து அலமாரி நூல்களில் பூஞ்சை படிவதும் இராமபாணப் பூச்சி அரிப்பதும் சாதாரணம். முகர்ந்து பார்த்துப் புழுங்கல் வாடை தூக்கலாக இருந்தால், ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் திருப்பி வைத்துவிடுவது நல்லது. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவருவதற்கு முன் அச்சான நூல் என்றால், ‘லை’, ‘னை’ போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை போன்ற கொம்புடன் இருக்கும். மூத்தவர்களுக்கு அது பழைய நண்பரின் முகம். இங்குள்ள பள்ளிகளில் தமிழ் படித்த இளையருக்கோ அந்த எழுத்து வேகத்தைக் குறைக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்பதையும் புரட்டிப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை சாங்கியில் துப்பறியும் நாவல் ஒன்றை இரவு ஒரு மணிவரை விழித்திருந்து படித்தபோது, 112ஆம் பக்கத்துக்கு அடுத்ததாக 129ஆம் பக்கம் வந்து நின்றது. அச்சகத்தார் ஒரு ஃபாரம் என்று சொல்லும் 16 பக்கங்களைக் கட்டும்போதே விட்டுவிட்டிருக்கிறார்கள். துப்பறியும் கதைக்குக் கடைசித் தாள் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். பார்க்கும்போது வரிகளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு எண்ணை மட்டும் பாருங்கள்.

இனி, எவ்வகை நூல் என்பது. சாலேயில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது கூப்பிடுவார்கள் என்பதால், இடையூறைத் தாங்கும் நூலே வேண்டும். சிறுகதைத் தொகுப்பு இதற்கு முதன்மையானது. ஒரு கதை பிடிக்கவில்லை என்றாலும் அடுத்ததற்குத் தாவிவிடலாம். நம் ஊர் எழுத்தாளர்களின் தொகுப்பு கிடைத்தால் அதையே முதலில் எடுப்பேன். சிங்கப்பூர் இலக்கியப் பரிசோ தங்கமுனை விருதோ அதன் ஆசிரியர் பெற்றதாக அட்டையில் இருந்தால் நல்ல அறிகுறிதான் என்றாலும், அதற்காகவே எடுக்காமல் நடுப்பக்கச் சோதனையை அதற்கும் வைக்க வேண்டும். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, படங்களோடும் பழைய விளம்பரங்களோடும் யாரோ ஒரு பாட்டி பைண்டு செய்து வைத்த தொகுப்பு கண்ணில் பட்டால் அதை விடாதீர்கள். வாரம் ஒருமுறை படிப்பதற்கென்றே எழுதப்பட்டவை என்பதால், எங்கே நிறுத்தினாலும் திரும்ப வந்து பிடித்துக்கொள்ளலாம். மாத நாவல்கள் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். ஐந்து பாக நாவலில் மூன்றாம் பாகம் மட்டும் இருந்தால், மற்ற பாகங்களை முன்பே படித்தவர் தவிர வேறு யாரும் அதைத் தொட வேண்டாம். வாழ்க்கையில் முன்னேறுவதற்கு வழி சொல்லும் நூல்களை நான் சாலேயில் எடுப்பதே இல்லை. அவற்றுக்கு அலுவலக நாள்களே போதும்.

வீட்டில் அம்மாச்சியோ கண் மங்கிய மாமாவோ உடன் வந்திருந்தால், எடுத்த நூலில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்காமல் ஓடினால், அது இருவருக்குமான நூலாகிவிடும்.

வீடு திரும்பும் காலையிலும் நூல் முடியவில்லை என்றால், தலைப்பு, பதிப்பகம், நிறுத்திய பக்கம் மூன்றையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, தேசிய நூலக வாரியத்தின் இணையப் பட்டியலில் தேடுங்கள். இருந்தால், எந்தக் கிளையில் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். கிடைக்காத பழைய நூல் என்றால், இல்லத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டுவிட்டு, அதன் இடத்தில் உங்கள் நூல் ஒன்றை வைத்து எடுத்துச் செல்லலாம். சம்பல் பட்ட விரலோடு புரட்டியதைத் துடைத்துவிட்டு, பக்கங்களுக்கு நடுவே சேர்ந்த மணலை உதறிவிட்டு வையுங்கள். தாள்கள் குறைகின்றன என்று கண்டுபிடித்திருந்தால் அட்டையின் உட்புறத்தில் ஒரு சீட்டு செருகுங்கள். அந்தத் துப்பறியும் நாவலில் நான் எழுதி வைத்த சீட்டில், 113 முதல் 128 வரை பக்கங்கள் இல்லை என்பது மட்டும் இருந்தது. கொலையாளியின் பெயரை எழுதவில்லை.