போட்டோடயோடு சிக்னலைப் பெருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயோடைத் திருப்பி மாட்டுவது, கிரவுண்டை இணைக்க மறப்பது எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுவோம். புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்வது, சர்க்யூட் ஒழுங்காக ஓடுவதுபோலவே காட்டும் தவறுகளில்தான்.

இங்கே பேசும் சர்க்யூட்: 5 வோல்ட் ஆர்டுயினோ யூனோ போர்டு, வெளிச்சத்தைக் கரண்டாக்கும் பிபிடபிள்யூ34 போட்டோடயோடு, அதைப் பெருக்க ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கி ஐசி). டயோடின் கேத்தோடு ஆப்-ஆம்பின் மைனஸ் இன்புட்டில், ஆனோடு கிரவுண்டில். அவுட்புட்டுக்கும் மைனஸ் இன்புட்டுக்கும் இடையே 1 மெகா ஓம் ரெசிஸ்டர். டயோடில் 1 மைக்ரோ ஆம்பியர் ஓடினால் அவுட்புட்டில் 1 வோல்ட்.

கையில் கிடைத்த எல்எம்358

இந்த ஆப்-ஆம்பின் இன்புட்டே, தான் வேலை செய்ய, பத்துக்கணக்கான நானோ ஆம்பியர் பயாஸ் கரண்ட் கேட்கும். மங்கலான வெளிச்சத்தில் டயோடு தருவதும் அவ்வளவுதான். போதாததற்கு, 5 வோல்ட் சப்ளையில் அதன் அவுட்புட் 3.5 வோல்ட் அருகிலேயே நின்றுவிடும். எம்சிபி6002 ஆப்-ஆம்ப் போடுங்கள், பயாஸ் கரண்ட் 1 பிகோ ஆம்பியர் அளவே.

ஃபீட்பேக் கெப்பாசிட்டரை விட்டுவிடுவது

1 மெகா ஓம் ரெசிஸ்டருக்கு இணையாகப் போட வேண்டிய சின்னக் கெப்பாசிட்டர் இது. இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். வெளிச்சம் மாறாமல் இருக்கும்போதே ஆர்டுயினோவின் ரீடிங் 412, 455, 398 என்று தாவும். உடனே ‘நாய்ஸ்’ என்று முடிவுகட்டி, புரோகிராமில் நூறு ரீடிங் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். எண் அடங்கிவிடும், நோய் அப்படியே இருக்கும். ஆசிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் அவுட்புட் 45 கிலோ ஹெர்ட்ஸ் அருகில் ஆசிலேட் ஆகிக்கொண்டிருக்கும்.

டயோடுக்கு உள்ளேயே சுமார் 70 பிகோ ஃபாரட் இருக்கிறது. அது 1 மெகா ஓமோடு சேர்ந்து, திரும்பி வரும் ஃபீட்பேக்கைத் தாமதப்படுத்துகிறது. ஆப்-ஆம்பின் சொந்தத் தாமதமும் கூடினால் சர்க்யூட் தானே ஊசலாடத் தொடங்கும்.

பிரெட்போர்டு இங்கே ஏமாற்றும். எம்சிபி6002-இன் அவுட்புட் 1-ஆம் பின், மைனஸ் இன்புட் 2-ஆம் பின். பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு இடையே உள்ள சில பிகோ ஃபாரட், போடாத கெப்பாசிட்டரின் வேலையைச் செய்துவிடும். அதை நம்பி பிசிபி அடித்து வாங்கிய பிறகுதான் ஊசலாட்டம் தலைகாட்டும். செலவும் காத்திருப்பும் வீண்.

கணக்கு எளிது. இன்புட்டில் உள்ள மொத்தக் கெப்பாசிட்டன்ஸை (இங்கே 80 பிகோ ஃபாரட் என்று வையுங்கள்) 6.28 × 1 மெகா ஓம் × ஆப்-ஆம்பின் வேக எல்லையான 1 மெகா ஹெர்ட்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.6 பிகோ ஃபாரட். ரெசிஸ்டருக்கு இணையாக 4.7 பிகோ ஃபாரட் போட்டால் 34 கிலோ ஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல் கிடைக்கும். அறை வெளிச்சத்தை அளக்க மட்டும் என்றால் 100 பிகோ ஃபாரட் போடுங்கள், 1.6 கிலோ ஹெர்ட்ஸ் தாராளம்.

டயோடை வயரில் நீட்டுவது

1 மீட்டர் ஷீல்டு கேபிளே ஏறத்தாழ 100 பிகோ ஃபாரட் சேர்க்கும். மேலே போட்ட கணக்கு 5.4 பிகோ ஃபாரட்டுக்கு ஏறிவிடும், 4.7 போதாது. ஆப்-ஆம்பை டயோடுக்குப் பக்கத்திலேயே வைத்து, அவுட்புட் வயரை நீட்டுங்கள்.

இருட்டில் பூஜ்ஜியம் வரும் என்று நம்புவது

சிங்கிள் சப்ளையில் அவுட்புட் கிரவுண்டைத் தொடாது, அதனால் மிக மங்கலான வெளிச்சம் காணாமலே போகும். பிளஸ் இன்புட்டுக்கு 100 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் டிவைடர் வைத்து 0.1 வோல்ட் கொடுங்கள். இருட்டு ரீடிங்கைப் புரோகிராமில் கழித்துவிடலாம்.

டியூப்லைட்

100 ஹெர்ட்ஸில் மினுங்கும். 20 மில்லி செகண்டுக்குச் சராசரி எடுங்கள்.

100 நானோ ஃபாரட்

இந்தக் கெப்பாசிட்டர் ஆப்-ஆம்பின் பவர் பின்னை ஒட்டியே இருக்கட்டும். ஓர் அங்குலம் தள்ளி அல்ல.