ஸ்லைடை உள்ளே இழுப்பதற்கு முன்: ஆர்வியின் உள்பக்கத்தைப் பயணத்துக்குத் தயார் செய்வது எப்படி?

ஆர்வியை, அதாவது சமையலறையும் படுக்கையும் உள்ள வீட்டு வண்டியை, கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கு எத்தனையோ பட்டியல்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் அவை வண்டியின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடியும். சமையலறை, குளியலறை, படுக்கை என்று போகும். ஸ்லைடு, அதாவது வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தி வெளியே தள்ளி இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் அறைப்பகுதி, இல்லாத வண்டிக்கு அது போதும். ஸ்லைடு இருக்கும் வண்டிக்கு அந்த வரிசை ஒத்துவராது. ஸ்லைடு உள்ளே வந்துவிட்டால் பாதி அலமாரிகளைத் திறக்க முடியாது. சில வண்டிகளில் படுக்கையறைக்குப் போகவே வழி இருக்காது. எதையாவது மறந்திருந்தால் மொத்த ஸ்லைடையும் மறுபடி வெளியே தள்ள வேண்டும்.

அதனால் நான் அறைவாரியாகப் போவதில்லை. உள்ளே இருப்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: ஸ்லைடோடு சேர்ந்து நகர்பவை, ஸ்லைடு வந்து உட்காரும் தரை, நகராமல் நிற்கும் மீதி. முதல் இரண்டும் முடிந்த பிறகுதான் பொத்தானில் கை வைப்பது. மூன்றாவதில் பெரும்பகுதியை ஸ்லைடு உள்ளே வந்தபின் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

ஜாக், லெவல், கழிவுத்தொட்டி, இழுவை வண்டியோடு இணைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, வண்டியின் உள்பக்கத்தை மட்டும் பார்ப்போம்.

முதலில் ஒரு ஒத்திகை

வண்டி புதிதாகக் கைக்கு வந்ததும், சாமான் ஏற்றுவதற்கு முன்பே எல்லா ஸ்லைடுகளையும் உள்ளே இழுத்துவிட்டு வண்டிக்குள் நடந்து பாருங்கள். கழிப்பறைக்குப் போக முடிகிறதா? ஃப்ரிட்ஜ் கதவு எவ்வளவு திறக்கிறது? எந்த டிராயர், எந்த அலமாரிக் கதவு எதிரே உள்ளதில் முட்டுகிறது? முட்டுகிற ஒவ்வொன்றின் மேலும் சிறிய வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் ஸ்லைடுக்கு முன், இல்லாவிட்டால் பின். எங்கள் வண்டியில் இன்றுவரை இதுதான் சட்டம். முதல்முறையாக உதவிக்கு வருகிறவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வழியில் தேவைப்படும் மருந்து, குடிதண்ணீர், டார்ச், மாற்றுடை எதையும் ஸ்டிக்கர் ஒட்டிய அலமாரிக்குள் வைக்காதீர்கள்.

படி 1: ஸ்லைடோடு நகர்பவை

சோபா, சாப்பாட்டு மேசை, சில வண்டிகளில் அடுப்பும் ஃப்ரிட்ஜும்கூட ஸ்லைடின் மேல்தான் இருக்கும். மேசை மேலும் மேடை மேலும் நிற்கிற எதுவும் நிற்கக் கூடாது. விளக்கு, பூச்சாடி, காபி மெஷின் எல்லாம் கீழே. கனமானவற்றை மேல் அலமாரியில் திணிக்காதீர்கள். ஓடும் வண்டியில் அந்தக் கதவு திறந்தால் முதலில் கீழே வருவது அதுதான். தனி நாற்காலிகள் இருந்தால் மேசைக் காலோடு சேர்த்துப் பட்டையால் கட்டிவிடுங்கள். டிவி மடங்கும் கையில் மாட்டியிருந்தால், கையை மடக்கிப் பூட்டும் ஊசியைச் செருகுங்கள். ஊசி இல்லாத மாடல் என்றால் அதற்கும் ஒரு பட்டை.

ஃப்ரிட்ஜில் கனமான பாட்டில்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒவ்வொரு தட்டின் முன்பக்கத்திலும் ஸ்பிரிங் வைத்த குறுக்குக் கம்பி ஒன்றைப் பொருத்திவிட்டால், சேருமிடத்தில் கதவைத் திறக்கும்போது தயிர்க் கிண்ணம் காலில் விழாது. ஆர்விக்கென்றே செய்த ஃப்ரிட்ஜில் கதவுக்குப் பூட்டு இருக்கும். வீட்டு உபயோக ஃப்ரிட்ஜ் பொருத்திய வண்டிகளில் எல்லாவற்றிலும் அது இருக்காது. காந்த ரப்பர் மட்டும் கதவைப் பிடித்துவைக்கும் என்று நம்ப வேண்டாம், பட்டை போடுங்கள்.

இனி டிராயர். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டிராயரை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். சில ஸ்லைடுகள் வெளியே இருக்கும்போது, அவற்றின் தரை வண்டியின் தரைக்குச் சமமாக இறங்கி உட்கார்ந்திருக்கும். உள்ளே வரும்போது அது உருளைகளின் மேல் ஏறி, வண்டித் தரைக்கு மேலாக வர வேண்டும். அப்படி ஏறும்போது ஸ்லைடு முழுவதும் லேசாகச் சாய்ந்து, ஒரு குலுக்கலோடு நிமிரும். கொண்டி சரியாக விழாத டிராயர் அந்தக் குலுக்கலில் வழுக்கி வெளியே வந்துவிடும். வண்டியும் அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து நின்றால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வண்டியில் கரண்டி, கத்தி வைக்கும் டிராயருக்குத்தான் இந்தக் குணம். எதிரே நடுவில் நிற்கும் மேடைக்கும் அதற்கும், ஸ்லைடு முழுதாக உள்ளே வந்தபின், உள்ளங்கையைப் பக்கவாட்டில் நுழைக்கிற அளவே இடைவெளி. டிராயர் நாலு விரற்கடை வெளியே வந்தாலே மேடையில் முட்டும். முட்டுவது டிராயரா சுவரா என்று மோட்டாருக்குத் தெரியாது, அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் டிராயரின் முகப்புப் பலகை திருகாணியோடு பிய்யும், அப்புறம் உள்ளே இருக்கிற தண்டவாளம் வளையும்.

கொண்டி ஏன் விழவில்லை என்று பார்த்தால் காரணம் சாதாரணமானது. பின்னால் ஏதாவது ஒரு நீளக் கரண்டி படுத்தவாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். டிராயர் கடைசி அரை அங்குலம் உள்ளே போகாது. கண்ணுக்கு மூடினாற்போலத்தான் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல், ஒவ்வொரு டிராயரின் கீழ்விளிம்பிலும் இரண்டு விரலை வைத்து வெளியே இழுத்துப் பாருங்கள். அசைந்தால் திறந்து, பின்பக்கம் கையை விட்டுத் துழாவுங்கள். சில பழைய வண்டிகளில் டிராயரைச் சற்றுத் தூக்கித்தான் திறக்க வேண்டும். மூடும்போது அது தன் பள்ளத்தில் 'டக்' என்று இறங்க வேண்டும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் அது மூடவில்லை.

ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள டிராயர்களுக்கு, எல்லாக் கைப்பிடிகளுக்குள்ளும் மேலிருந்து கீழாக ஒரு மரக்கழியைச் செருகிவிடலாம். ஒன்றின் கொண்டி மட்டும் பிடித்திருந்தாலும் அது மற்றவற்றையும் வெளியே வரவிடாது. ஆனால் எதிர்ப்பக்கம் இடிக்காத மெல்லிய கழியாக இருக்கட்டும்.

படி 2: ஸ்லைடு வந்து உட்காரும் தரை

கால்மிதி, செருப்பு, நாய்க்குச் சாப்பாடு வைக்கும் கிண்ணம், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். விரிப்பைச் சுருட்டித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் சும்மா மடித்துவிட்டால் ஸ்லைடின் விளிம்பு அதைக் கவ்விக்கொண்டு சுருக்கிவிடும்.

பெரிய சாமான்கள் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். வம்பு செய்பவை சின்னக் கூழாங்கல், திருகாணி, பொம்மைத் துண்டு போன்றவைதான். உருளைக்கடியில் ஒரு கல் சிக்கினால் தரையில் நீளமாகக் கோடு கிழித்துவிடும். நின்றுகொண்டு பார்த்தால் இவை தெரியாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, ஸ்லைடு விளிம்பை நோக்கி அடியுங்கள். கடுகளவு கல்லுக்கும் நீளமான நிழல் விழும். பெருக்கிய தரையிலும் இப்படி ஏதாவது ஒன்று அகப்படும்.

மோட்டார்ஹோம் (தானே ஓடும் ஆர்வி) என்றால் ஓட்டுநர் இருக்கையையும் பார்க்க வேண்டும். முன்பக்க ஸ்லைடு வந்து நிற்கும் இடத்தில்தான் பல மாடல்களில் அந்த இருக்கையின் முதுகு சாய்ந்திருக்கும். அதை நிமிர்த்தி, முன்னால் தள்ளிவிடுங்கள். குளியலறைக் கதவு, அலமாரிக் கதவு எல்லாம் மூடி, தாழ் போட்டிருக்க வேண்டும்.

பிறகு உயிர்கள். குழந்தைகள் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகே பொத்தான். 'உள்ளேதான் இருந்தான்' என்பது பதில் ஆகாது. பூனை வளர்ப்பவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். ஸ்லைடின் அடியிலும், டிராயர்களுக்குப் பின்னால் உள்ள பொந்திலும் பூனை போய்ப் படுத்துக்கொள்ளும். வண்டியில் சந்தடி கூடினால் ஒளிந்துகொள்வது அதன் இயல்பு. ஆகவே மூட்டை கட்டத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கூண்டில் விட்டுவிடுங்கள்.

படி 3: வெளியே ஒரு சுற்று

சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்லைடுக்குக் கீழே உள்ள சாமான் அறைக் கதவுகள் மூடியிருக்க வேண்டும். ஸ்லைடின் கூரையில் இலை, குச்சி, தண்ணீர், பனிக்கட்டி இருந்தால் தள்ளிவிட வேண்டும். மேலே துணிக் கூரை இருந்தாலும் அதன் மேல் ஏறி நிற்கிற குப்பை துணியோடு சுருண்டு உள்ளே போகும். ரப்பர் சீல்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

படி 4: பொத்தான்

ஸ்லைடு மோட்டாருக்கு நிறையக் கரண்ட் வேண்டும். தங்கும் இடத்தில் வயர் செருகி எடுக்கும் கேம்ப் கரண்டைத் துண்டித்துவிட்டுச் சோர்ந்துபோன பேட்டரியில் இழுக்காதீர்கள். இணைப்பு இருக்கும்போதே இழுத்துவிட்டு அப்புறம் வயரைக் கழற்றுங்கள். எஞ்சின் ஓட வேண்டுமா, கைப்பிரேக் போட்டிருக்க வேண்டுமா, ஜாக்கை எப்போது தூக்க வேண்டும் என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். இங்கே உங்கள் வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் இறுதி வார்த்தை. நான் சொல்வதும் இல்லை, பக்கத்து வண்டிக்காரர் சொல்வதும் இல்லை.

ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் நகரும்) ஸ்லைடு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில வண்டிகளில் ஒரே பொத்தான் இரண்டு மூன்று ஸ்லைடுகளை இழுக்கும், எதற்குத் தடை குறைவோ அது முதலில் நகரும். 'இந்த ஸ்லைடு வந்ததும் அந்தப் பக்கத்தை ஒதுக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாப் பாதைகளும் முன்பே காலியாக இருக்க வேண்டும்.

ஷ்வின்டெக் என்ற வகை ஸ்லைடில் இரண்டு பக்கச் சுவரிலும் தனித்தனி மோட்டார் இருக்கும். பாதியில் நிறுத்தி முன்னும் பின்னும் ஆட்டினால் ஒரு பக்கம் முந்தி, மறுபக்கம் பிந்திப்போகலாம். ஒரே மூச்சில் இழுங்கள். ஸ்லைடு உட்கார்ந்த பிறகும் இரண்டு மோட்டாரும் தாமாக நிற்கும்வரை சில விநாடிகள் விரலை எடுக்காதீர்கள்.

இழுக்கும்போது பேச்சு வேண்டாம், காது ஸ்லைடிடம் இருக்கட்டும். ஏதாவது சத்தம் மாறினாலோ வேகம் குறைந்தாலோ விரலை எடுத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். 'இன்னும் கொஞ்சம்தானே' என்று அழுத்துவதில்தான் பெரிய செலவுகள் பிறக்கின்றன.

படி 5: மீதி

மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டை எடுத்துத் துவாலையில் சுற்றி வையுங்கள். அடுப்பின் இரும்புக் கம்பிகளுக்கு அடியில் ரப்பர் விரிப்புத் துண்டு, இல்லாவிட்டால் வழி முழுக்க அதன் கச்சேரிதான். குளியலறைக் கண்ணாடிக் கதவைத் தாழிட்டு, கைப்பிடி ஷவரைக் கொக்கியிலிருந்து இறக்கிக் கீழே வையுங்கள். கூரை ஜன்னல்களை மூடுங்கள், டிவி ஆன்டெனாவை இறக்குங்கள்.

தண்ணீர் பம்ப்பை அணைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழியில் ஏதாவது உருண்டு குழாயின் கைப்பிடியைத் தட்டிவிட்டால், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் தொட்டி காலியாகும்வரை தண்ணீர் வரும். கேஸ் திறந்திருக்கலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. நான் சிலிண்டரிலேயே மூடிவிடுவேன். கதவைத் திறக்காவிட்டால் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜும் சில மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும்.

ஒதுக்கும்போது எடையையும் யோசியுங்கள். இழுத்துச்செல்லும் டிரெய்லரில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவை வண்டியோடு இணைக்கும் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 'இடம் இருக்கிறதே' என்று கனமானதையெல்லாம் பின்பக்கத்துக்கு மாற்றினால் கொக்கியின் எடை குறைந்து, வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும்.

எதை வாங்கலாம், எதை வேண்டாம்

கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது. கதவு எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு அதுவும் நீளும், பிறகு கொக்கி கழன்று யார் முகத்துக்காவது பாயும். நீளாத நாடாப் பட்டையில் இழுத்து இறுக்கும் பக்கிள் வைத்தது எவ்வளவோ மேல். நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பட்டை இதற்கு அதிகம், மெல்லிய அலமாரிப் பலகையை நசுக்கிவிடும். குழந்தைகளுக்காக விற்கும் காந்தப் பூட்டு நன்றாகப் பிடிக்கும், ஆனால் அதன் சாவிக் காந்தத்தைத் தேடுவது தனி வேலை. சாதாரணக் கதவுகளுக்கு அகலமான வெல்க்ரோ போதும். தட்டுகளுக்கு வழுக்காத ரப்பர் விரிப்பு, கிண்ணங்களுக்கு இடையே ஒரு துணி. இதற்கென்று விலை கொடுத்து நுரைப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

பின்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டதன் பேரில் இரண்டு விஷயங்கள். ஒன்று, பாதியில் ஸ்லைடு நின்றுவிட்டால் என்ன செய்வது? கையால் இழுக்கும் வழி பெரும்பாலான வண்டிகளில் உண்டு. அதற்கான இடமும் கருவியும் எங்கே என்று நல்ல நாளிலேயே கண்டுபிடித்து வையுங்கள். அந்த இடம் ஸ்லைடுக்கு அடியிலோ, ஸ்டிக்கர் ஒட்டிய ஏதோ ஓர் அலமாரிக்குப் பின்னாலோ இருந்து தொலைக்கும்.

இரண்டாவது, பயணத்தில் ஸ்லைடு வெளியே நழுவாமல் தடுக்கும் பூட்டுக் கம்பி. சில வண்டிகளில் இதைப் போட்டே ஓட்டச் சொல்வார்கள். போட்டவர்கள், போய்ச் சேர்ந்ததும் கழற்றாமல் பொத்தானை அழுத்தினால் கம்பியும் சட்டமும் சேர்ந்து வளையும். என் யோசனை: கம்பியைப் போட்டதும் ஸ்லைடு பொத்தானின் மேல் சிவப்பு டேப் ஒன்றை ஒட்டிவிடுங்கள். டேப்பை உரிக்கும்போது கம்பி நினைவுக்கு வரும். அப்போதே தரையிலும் ஒரு பார்வை. வழியில் அலமாரியிலிருந்து விழுந்தது ஏதாவது ஸ்லைடின் ஓரத்தில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே தள்ளுங்கள்.