ஜிஆர்இ ஆங்கிலச் சொற்கள்: பெங்களூரில் வேலை பார்த்தபடியே படிக்க ஒரு வழி

வெளிநாட்டு மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வை எழுதலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் ஆயிரம் சொல் பட்டியல் ஒன்றை டவுன்லோடு பண்ணி, ‘ஏ’ வரிசையிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது எந்தச் சொல்லையும் வாக்கியத்துக்குள் வைத்துத்தான் கேட்கிறார்கள்.

படி 1: தேர்வைப் புரிந்துகொள்ளுங்கள். 2023 செப்டம்பர் முதல் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் வெர்பல் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடம். ‘சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ்’ வகையில் வாக்கியத்தின் கோடிட்ட இடத்துக்கு ஆறு சொற்கள் தருவார்கள். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று தவறினாலும் மார்க் கிடையாது.

படி 2: குடும்பமாகப் படியுங்கள். இரண்டிரண்டாகக் கேட்பதால் சொற்களையும் கூட்டமாகவே பிடிக்க வேண்டும். நோட்டில் தலைப்பைத் தமிழில் எழுதுங்கள். ‘மழுப்புதல்’ என்று எழுதி அதன் கீழே ஈக்விவோகேட், பிரிவேரிகேட், ஹெட்ஜ். ‘ஜால்ரா’ என்று எழுதி ஸைகோஃபன்ட், டோடி. ‘வளவள பேச்சு’ என்றால் லொக்வேஷஸ், கேருலஸ். அகராதியின் நீண்ட விளக்கத்தைவிட நம் வீட்டுச் சொல் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். குடும்பத்துக்குள்ளும் வேறுபாட்டைக் குறித்து வையுங்கள்: ‘ஹெட்ஜ்’ என்பது பிடிகொடுக்காமல் பேசுவது, ‘பிரிவேரிகேட்’டில் உண்மையை மறைக்கும் நோக்கம் இருக்கிறது.

படி 3: அட்டை போடுங்கள். சொல் அட்டைகளுக்கான ‘அங்கி’ என்ற ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம். முன்பக்கம் தனிச்சொல் வேண்டாம். பட்ஜெட் பற்றி நேராகக் கேட்டபோது அமைச்சர் பிடிகொடுக்கவில்லை என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் எழுதி, வினைச்சொல்லுக்குக் கோடு விடுங்கள். பின்பக்கம் ஈக்விவோகேட், மழுப்புதல், ‘குறை சொல்லும் தொனி’ என்ற குறிப்பு. மறக்கும் தறுவாயில் ஆப்பே அதை மறுபடி காட்டும். நாளுக்குப் பத்துப் புதுச் சொல் போதும். கூட்டினால் பழைய அட்டைகள் மலையாகக் குவியும். ஒயிட்ஃபீல்டு பக்கம் பர்ப்பிள் லைனில் போய்வருபவர்களுக்கு மெட்ரோ நேரமே இதற்குப் போதுமானது.

படி 4: தெரிந்த சொல்லைச் சந்தேகப்படுங்கள். கடினமான சொற்களைவிட இவைதான் ஆளைக் கவிழ்க்கும் என்பது என் உறுதியான எண்ணம். ‘குவாலிஃபை’ என்றால் தகுதி பெறுவது மட்டுமல்ல, சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவதும்தான். ‘செக்’ தடுப்பதையும் குறிக்கும். ‘ஃபிளாக்’ சோர்ந்துபோவதையும் குறிக்கும். இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள்.

படி 5: வாசியுங்கள். கப்பன் பார்க்கிலுள்ள மாநில மத்திய நூலகம் போல அமைதியான இடத்தில் உட்கார்ந்து, அறிவியல் அல்லது வரலாறு பற்றி ஓர் ஆங்கிலக் கட்டுரை. ‘ஆல்தோ’, ‘ஹவ்எவர்’ வரும் இடங்களில் கோடிடுங்கள். வாக்கியம் அங்கேதான் திரும்பும்.

படி 6: சோதித்துப் பாருங்கள். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனமே ‘பவர்பிரெப்’ மாதிரித் தேர்வுகள் இரண்டை இலவசமாகத் தருகிறது. ஒத்த சொற்கள் இரண்டு கண்ணில் பட்டதும் அழுத்திவிடாதீர்கள். வாக்கியத்துக்குப் பொருந்தாத ஜோடியையும் அங்கே வைத்திருப்பார்கள். ஒரு தேர்வைத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மற்றதைக் கடைசி இரண்டு வாரம் வரை தொடாதீர்கள்.