ஜெர்மனியில் மாணவர் விசாவிலிருந்து பி.ஆர். வரை: பி1 ஜெர்மன் மொழித் தேர்வைப் படிக்கும்போதே முடித்துவிடுங்கள்

கரூரிலிருந்து கிளம்பி 2019 அக்டோபரில் கெம்னிட்ஸ் வந்து சேர்ந்தேன். கிழக்கு ஜெர்மனியில், சாக்சனி மாநிலத்தில் உள்ள ஊர். இரண்டு வருட எம்.எஸ். படிப்பு கொரோனாவில் மூன்று வருடமாக நீண்டது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை 2025 நவம்பரில் கைக்கு வந்தது. ஒரு வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது. என் சித்தி மகன் இந்த வருடம் இங்கே படிக்க வருகிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாதை மொத்தம் நான்கு கட்டம். முதலில் மாணவர் அனுமதி. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாத அனுமதி. வேலை கிடைத்ததும் ப்ளூ கார்டு (பட்டதாரிகளுக்கான உயர் சம்பள வேலை அனுமதி), அல்லது சம்பளம் அதற்கு எட்டவில்லை என்றால் சாதாரண வேலை அனுமதி. கடைசியாக நீடர்லாசுங்ஸ்எர்லாப்னிஸ், அதாவது நிரந்தரக் குடியிருப்பு அனுமதி. பெயர் வாயில் நுழையாததால் நம்மவர்கள் எல்லோரும் பி.ஆர். என்றே சொல்கிறோம்.

ஊரில் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதை முதல் வேலையாகப் போடுங்கள். ப்ளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ கட்ட வேண்டும். வந்த பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ எடுக்கலாம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டினருக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. ஏஜென்ட் யாராவது ஒரு தனியார் கல்லூரியைக் காட்டி "உடனே சீட்" என்றால், கையெழுத்துப் போடும் முன் அந்தப் பணத்தை வீட்டில் யார் கட்டப்போகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு நாமே விண்ணப்பிக்கலாம். பல பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்து ஒவ்வொன்றுக்கும் 30.

வந்த முதல் இரண்டு வாரத்தில் முகவரிப் பதிவு, அதாவது அன்மெல்டுங். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. அந்தத் தாள் தர மாட்டேன் என்கிறவரிடம் அறை எடுக்காதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் 30 வயதுக்குக் கீழ் இருந்தால் அரசுக் காப்பீட்டில் சேருங்கள். விலை குறைவு என்று தனியாருக்குப் போனால் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது.

இனி மொழிக்கு வருகிறேன்.

என் படிப்பு முழுக்க ஆங்கிலத்தில். வகுப்பில் பாதிப் பேர் இந்தியர்கள். ரூமில் தமிழ், கடையில் சிரிப்பு, இப்படியே மூன்று வருடம் ஓடியது. ஜெர்மனில் முதல் படியான ஏ1 மட்டும் கையில் இருந்தது (அடுத்த படிகள் ஏ2, பி1). படிப்பு முடிந்து வேலை தேடியபோது இதன் விலை தெரிந்தது. நேர்காணலில் முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகும். அப்புறம் ஜெர்மனில் ஒரு கேள்வி வரும், அதோடு சரி. படிக்கும்போது ட்ஸ்விக்காவில் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் வெர்க்ஸ்டூடன்டாக, அதாவது பகுதி நேர மாணவ ஊழியராக, இருந்ததால்தான், அங்கேயே 2023 பிப்ரவரியில் நிரந்தர வேலை கிடைத்தது.

மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெலிவரி வேலையைவிட நம் துறையில் வெர்க்ஸ்டூடன்ட் வேலை எவ்வளவோ மேல், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும்.

ப்ளூ கார்டுக்கு 2026இல் ஆண்டுச் சம்பளம் 50,700 யூரோ வேண்டும். பட்டம் வாங்கி மூன்று வருடத்துக்குள் இருப்பவர்களுக்கும், பொறியியல், ஐ.டி. போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கும் 45,934 யூரோ போதும். இந்த எல்லை ஒவ்வொரு ஜனவரியிலும் மாறும். ஒப்பந்தத்தில் நூறு யூரோ குறைந்தாலும் விண்ணப்பம் நிற்கும், அதனால் எச்.ஆரிடம் எல்லையைச் சொல்லியே பேசுங்கள். இங்கே படித்த பட்டம் என்பதால் பட்ட அங்கீகார அலைச்சல் நமக்கு இல்லை.

ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதத்தில் பி.ஆர். பி1 இருந்தால் 21 மாதம். சாதாரண வேலை அனுமதியில் இருந்தாலும், இங்கே பட்டம் வாங்கியவருக்கு பி1 இருந்தால் 24 மாதம். அத்தனை மாதங்களுக்கும் ஓய்வூதியக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். கூடவே "ஜெர்மனியில் வாழ்க்கை" என்ற தேர்வு உண்டு. 33 கேள்வி, கட்டணம் 25 யூரோ, கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. 15 சரியாக இருந்தால் பி.ஆருக்குப் போதும். ஆனால் 17 எடுத்துவிடுங்கள், பின்னால் குடியுரிமைக்கும் அதே சான்றிதழ் ஆகும்.

என் கணக்குப்படி 21 மாதம் 2024 நவம்பரில் முடிந்தது. பி1 மட்டும் இருந்திருந்தால் அன்றே விண்ணப்பித்திருப்பேன். "ஆறு மாதம் தானே, 27இல் வாங்கிக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டேன். டிசம்பரில் நிறுவனம் ஆட்குறைப்பு அறிவித்தது. ஜனவரி 31 என் கடைசி நாள்.

பி.ஆர். இருந்தால் வேலை போவது வருத்தம், அவ்வளவுதான். ப்ளூ கார்டில் வேலை போனால் நாட்டில் இருப்பதே கேள்வி ஆகிவிடும். வேலை முடிகிற செய்தியை இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புது வேலை தேட வழக்கமாக மூன்று மாதம் தருகிறார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க நாள்காட்டியைப் பார்த்தே தூங்கினேன். அப்பாவிடம் மார்ச் வரை சொல்லவில்லை.

உங்களுக்கு இப்படி நடந்தால், வேலை போகிறது என்று தெரிந்த மூன்று நாளுக்குள் அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருடமாவது வேலையின்மைக் காப்பீடு கட்டியிருந்தால் நிகரச் சம்பளத்தில் 60 சதவீதம் கிடைக்கும். அது நாம் கட்டிய காப்பீட்டுப் பணம், வாங்கத் தயங்க வேண்டாம். நிறுவனம் "பரஸ்பர சம்மதத்தில் விலகுகிறேன்" என்ற தாளை நீட்டினால் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் அந்த உதவித்தொகையை 12 வாரம் வரை நிறுத்திவைக்கலாம்.

வேலை இல்லாத அந்த நாட்களில் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெ என்ற மக்கள் கல்விக்கூடத்தின் ஜெர்மன் வகுப்புக்குத் தினமும் போனேன். மார்ச்சில் பி1 தேறினேன், ஏப்ரலில் லைப்சிக்கில் வேலை கிடைத்தது. அங்கேயும் உடனே பி.ஆருக்குப் போக முடியவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியட்டும் என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அக்டோபரில்தான் விண்ணப்பித்தேன்.

வாரம் இரண்டு மாலை ஒதுக்கினால் மாணவராக இருக்கும்போதே பி1 வந்துவிடும். ஏ1, ஏ2 இரண்டையும் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ முடித்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது. படிக்கும்போது கிடைக்கிற நேரம் வேலைக்குப் போன பிறகு கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு இன்றும் வலிக்கிறது. 2022 செப்டம்பர் கடைசியில் என் மாணவர் அனுமதி முடிந்தது. ஆகஸ்டிலேயே அடுத்த அனுமதிக்கு மின்னஞ்சலில் விண்ணப்பித்துவிட்டேன். வெளிநாட்டினர் அலுவலகத்தில் டிசம்பருக்குத்தான் நாள் கொடுத்தார்கள். அனுமதி முடியும் முன் விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை நாம் சட்டப்படி இங்கே இருக்கலாம், வேலையும் செய்யலாம். ஆனால் வெளியே போய்த் திரும்ப ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று கையில் வேண்டும். நான் அதைக் கேட்டு வாங்கவில்லை. அக்டோபரில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) இறந்துபோனார். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயத்தில் போகவில்லை. வீடியோ காலில்தான் பார்த்தேன்.

அதனால் அனுமதி முடிய இரண்டு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள், அதே கடிதத்திலேயே இந்தச் சான்றையும் கேளுங்கள். வந்ததும் உள்ளே எந்தக் கட்டத்தில் குறியிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு என்று இருந்தால் பயணம் போய் வரலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் முடியாது.

தாள்களுக்கு ஒரு கோப்பு போடுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றுகூடத் தூக்கி எறியக் கூடாது. அரசு ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் கேட்டால், எந்தெந்த மாதம் பணம் கட்டப்பட்டது என்ற பட்டியலைத் தபாலில் அனுப்புவார்கள். அதன் பெயர் ஃபெர்ஸிஷெருங்ஸ்ஃபெர்லாஃப். பி.ஆருக்கு அதைத்தான் கேட்பார்கள். என் பட்டியலில் வெர்க்ஸ்டூடன்ட் மாதங்களும் வரிசையாக இருந்தன.

பி.ஆர். கிடைத்த பிறகும் ஒரு எச்சரிக்கை. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் அது காலாவதி ஆகிவிடும். அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ள நீண்ட நாள் ஊரில் இருக்க வேண்டும் என்றால், கிளம்பும் முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிவிட்டு விமானம் ஏறுங்கள்.